லிப்சோடியம்: ஆலைக் கணக்குக்குப் பூட்டுப் போட்ட அனுபவம்

அம்பாசமுத்திரத்தில் ஒரு அரிசி ஆலை, திருநெல்வேலி டவுனில் அதன் மொத்தக் கடை. ராத்திரி முடித்த கணக்கை பென் டிரைவில் போட்டு காலை பஸ்ஸில் கொடுத்து அனுப்புவார்கள். போன ஆவணியில் அது வழியில் தொலைந்துபோய், அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, "தம்பி, யாரு யாரு எவ்வளவு பாக்கின்னு எல்லாம் அதுலதான கெடக்கு, எவன் கையில இருக்கோ" என்றார். கணக்கு மென்பொருளை சி மொழியில் எழுதியவன் நான், பூட்டில்லாமல் கொடுத்தது என் தப்பு.

அதற்காக எடுத்ததுதான் லிப்சோடியம், சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி தகவலைப் பூட்டுகிற லைப்ரரி, அதாவது நம் நிரலோடு சேர்த்துக்கொள்ளும் தயார் நிரல் தொகுப்பு. 2013-இல் வெளிவந்தது, இலவசம், வேறு எந்த லைப்ரரியையும் கூட இழுத்து வராது. சோர்ஸை (மூல நிரலை) இறக்கி கான்ஃபிகர், மேக், மேக் செக், மேக் இன்ஸ்டால் என்று போனால் முடிந்தது. மேக் செக்கைத் தாண்டிப் போகாதீர்கள், பூட்டே சரியாக வேலை செய்கிறதா என்று உங்கள் கம்ப்யூட்டரிலேயே சோதிக்கிற இடம் அது.

என் நிரலையும் லைப்ரரியையும் இணைக்கிற இடத்தில், அதாவது லிங்க் செய்யும்போதுதான் ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. ஹெடர் (லைப்ரரியில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் ஃபைல்) கிடைக்கிறது, கம்பைல் ஆகிறது, கடைசியில் 'அன்டிஃபைண்டு ரெஃபரன்ஸ்' (கேட்டதைக் காணோம்) என்று வரிசையாக வந்து விழுகிறது. 'மைனஸ் எல் சோடியம்' என்பதை என் ஃபைல் பெயருக்கு முன்னால் எழுதியிருந்தேன். லிங்கர் இடமிருந்து வலமாகப் படிக்கும், அந்த நேரத்தில் யாரும் கேட்காத லைப்ரரியை விட்டுவிட்டுப் போய்விடும். பின்னால் தள்ளி எழுதியதும் சரியானது. அப்புறம் ஓட்டினால் ஷேர்டு லைப்ரரியைக் காணோம் என்றது, லைப்ரரிகள் இருக்கும் இடத்தின் பட்டியலைப் புதுப்பிக்கிற எல்டி-கான்ஃபிக்கை ஒரு தடவை ஓட்டியதும் அதுவும் தீர்ந்தது.

ஆலைக் கம்ப்யூட்டரில் இணையம் கிடையாது என்பதால் லைப்ரரியையும் உள்ளேயே வைத்து ஸ்டேடிக்காக லிங்க் செய்து ஒரே ஃபைலாகக் கொடுத்தேன். வசதிதான், ஆனால் நாளைக்கு லைப்ரரியில் ஓட்டை அடைத்துப் புதுப் பதிப்பு வந்தால் நான்தான் மறுபடி பில்ட் செய்து கொண்டுபோய்ப் போட வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, தப்பு செய்ய அதிக இடம் வைக்காதது. ஒரே சாவியால் பூட்டித் திறக்கிற சீக்ரெட்பாக்ஸுக்கு சாவி 32 பைட், நான்ஸ் (ஒவ்வொரு பூட்டுக்கும் புதிதாகப் போடும் எண்) 24 பைட். நான்ஸ் அவ்வளவு நீளம் என்பதால் ஒவ்வொரு தடவையும் ராண்டமாக எடுத்துக்கொள்ளலாம். பூட்டிய ஃபைலில் ஒரே ஒரு பைட்டை மாற்றிவிட்டுத் திறந்து பார்த்தேன், மைனஸ் 1 தந்து திறக்க மறுத்துவிட்டது. கடவுச்சொல்லில் இருந்து சாவி எடுக்க ஆர்கான்2 என்ற முறை இருக்கிறது, ஆலையில் இருப்பது பழைய கம்ப்யூட்டர் என்பதால் 64 எம்பி நினைவகம் கேட்கிற 'இன்டராக்டிவ்' அளவையே வைத்தேன். எல்லாவற்றுக்கும் முன்னால் லைப்ரரியைத் தயார் செய்கிற சோடியம்-இனிட்டை அழைத்து, மைனஸ் 1 வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இணையத் தொடர்பைப் பாதுகாக்கிற டிஎல்எஸ் முறை வேண்டுமென்றால் இது ஆகாது, ஓப்பன்எஸ்எஸ்எல் மாதிரி ஒன்றுக்குத்தான் போக வேண்டும். ஃபைலைப் பூட்டத்தான் என்றால் யோசிக்காமல் இதை எடுக்கலாம்.