சான்டா ஃபேயில் பழைய பெயர்ப்பலகையை நம்பிச் சாப்பிடப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நியூ மெக்சிகோ மாநிலத்தின் தலைநகரான சான்டா ஃபேக்கு ஏற்கெனவே போய்வந்து, அங்கே தங்களுக்குப் பிடித்துப்போன ஓர் உணவகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மறுபடியும் கிளம்பத் திட்டமிடுகிறவர்கள், அறை முன்பதிவு செய்வதோடு நிறுத்திவிடாமல் அந்த உணவகம் இப்போது யார் கையில் இருக்கிறது என்பதையும் விசாரித்துவிட்டுப் போக வேண்டும். கடை கைமாறும்போது அடுப்பு, மேசை, நாற்காலிகளோடு பெயரும் சேர்த்தே விற்கப்படுகிறது. ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் நாலு இடத்தில் கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். பழகியவர்களோ பெயர்ப்பலகையைப் பார்த்ததும் உள்ளே நுழைந்துவிடுவார்கள். அவர்களை நம்பியே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கடையில் சென்ற கோடையில் எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்ததைக் கீழே எழுதியிருக்கிறேன். புகார் இன்னும் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரையும் அது இருக்கும் தெருவையும் குறிப்பிடவில்லை.

நாங்கள் டென்வரில் வசிக்கிறோம். ஐ-25 நெடுஞ்சாலையில் தெற்கே சுமார் ஆறு மணி நேரம் காரோட்டினால் சான்டா ஃபே வந்துவிடும் என்பதால் நீண்ட வார இறுதிகளில் அங்கே போவது எங்கள் வழக்கம். இம்முறை மதுரையிலிருந்து வந்திருந்த என் தாயாரும் உடன் வந்தார். அவர் சுத்த சைவம். நகரின் மையச் சதுக்கமான பிளாசாவுக்கு அருகில் இருக்கும் அந்த உணவகத்துக்கு அவரை அழைத்துப் போனதற்குக் காரணமே அதன் பழைய பழக்கம்தான். நீலச் சோளத்தில் செய்த டார்ட்டியா என்னும் மெல்லிய ரொட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையில் சீஸும் வெங்காயமும் வைத்து, மேலே மிளகாய்ச் சாற்றை ஊற்றித் தரும் என்சிலாடா அங்கே மிக நன்றாக இருக்கும். அதைவிட முக்கியமாக, 'ரெட் சில்லியா, கிரீன் சில்லியா' என்று இந்த மாநிலத்தில் எல்லாரும் கேட்கும் கேள்வியைக் கேட்டுவிட்டு, நாங்கள் சைவம் என்று சொன்னதும், எதில் பன்றி இறைச்சி சேர்ந்திருக்கிறது, எதில் சேரவில்லை என்று சர்வரே முன்வந்து சொல்லிவிடுவார்.

வடக்கு நியூ மெக்சிகோச் சமையலில் இந்த விவரம் மிக அவசியம். சுட்டுத் தோலுரித்த பச்சை மிளகாயில் செய்யும் கிரீன் சில்லியில் பல வீடுகளிலும் கடைகளிலும் பன்றி இறைச்சித் துண்டுகளைச் சேர்ப்பது வழக்கம். பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள். வெள்ளைச் சோளத்தில் செய்யும் பொசோலே என்னும் குழம்பு பெரும்பாலும் பன்றி இறைச்சியோடுதான் வேகும். சோபாபியா என்னும் உப்பிய பூரியின் மாவில்கூடச் சில இடங்களில் அந்தக் கொழுப்பைச் சேர்த்துப் பிசைவார்கள். இவை அந்த மண்ணின் சமையல் முறை, இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேட்கிறவருக்கு உண்மையைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

உட்கார்ந்ததும் மெனு அட்டைக்குப் பதிலாக மேசையில் ஒட்டியிருந்த க்யூ.ஆர். கோடைக் காட்டினார்கள். கைப்பேசியில் திறந்த பட்டியலில் 'இன்றைய சிறப்பு' என்ற பகுதியில் எதற்கும் விலை இல்லை. என் தாயாருக்காகச் சீஸ் என்சிலாடாவைச் சொல்லி, அவர் இறைச்சி, மீன், முட்டை எதையும் தொடமாட்டார் என்பதை விளக்கி, கிரீன் சில்லியில் இறைச்சியோ இறைச்சி வேகவைத்த நீரோ சேர்கிறதா என்று கேட்டேன். சர்வர் சமையலறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "முழுக்க சைவம்தான், கவலையே வேண்டாம்" என்றார். பீன்ஸைப் பற்றிக் கேட்டதற்கும் அதே பதில், அதே வேகத்தில்.

தட்டு வந்தது. மிளகாய்ச் சாறு கண்ணாடிபோலப் பளபளவென்று, சோளமாவு கரைத்து ஊற்றியதுபோல் இருந்தது. நெருப்பில் சுட்ட மிளகாயில் அங்கங்கே ஒட்டியிருக்கும் கருகிய தோல் துணுக்குகள் ஒன்றுகூட இல்லை. பட்டியலில் என்னவோ 'ஹேட்ச் மிளகாய்' என்றுதான் போட்டிருந்தார்கள். ஹேட்ச் என்பது இந்த மாநிலத்தின் தெற்கே ரியோ கிராண்டே ஆற்றுப் படுகையில் இருக்கும் சிறிய ஊர், மிளகாய்க்குப் பேர்போனது. நியூ மெக்சிகோவில் விளையாத மிளகாயை அந்தப் பெயர் சொல்லி விற்கக் கூடாதென்று மாநிலச் சட்டமே இருக்கிறது. அன்று தட்டில் இருந்தது எங்கே விளைந்தது என்பதை நான் நிரூபிக்க முடியாது, ஆகவே அதைப் பற்றி மேலே சொல்லவில்லை.

இரண்டாவது வாயிலேயே என் தாயார் நிறுத்திவிட்டு, முள்கரண்டியால் ஏதோ ஒன்றைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளி, "என்னடா இது, நார் மாதிரி வருது?" என்று கேட்டார். சாம்பல் நிறத்தில், நகத்தளவு நீளத்தில், இழை இழையாகப் பிரியும் துணுக்கு அது. சாற்றைக் கிளறிப் பார்த்தபோது அதுபோல இன்னும் மூன்று நான்கு கிடைத்தன. "சாப்பிடாதீங்கம்மா, அதை வச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுச் சர்வரை அழைத்தேன். அவர் உள்ளே போய்விட்டு வந்து, மேனேஜர் பேசுவார் என்றார்.

மேனேஜர் பேசிய விதம்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது. அது பன்றி இறைச்சிதான் என்பதை அவர் மறுக்கவில்லை. புதிய உரிமையாளர் வந்தபின் செய்முறை மாறிவிட்டது என்றும், பட்டியலின் அடியில் 'எங்கள் உணவுகளில் இறைச்சி கலந்திருக்கக்கூடும்' என்ற வரி இருக்கிறது என்றும், அதைப் படிக்க வேண்டியது வாடிக்கையாளரின் பொறுப்பு என்றும் சொன்னார். நேரடியாகக் கேட்டதற்குச் சர்வர் 'இல்லை' என்று பதில் சொன்னாரே, அதற்கு யார் பொறுப்பு என்று என் மனைவி கேட்டதற்கு, வருத்தத்துக்கு ஈடாக ஒரு தட்டு சோபாபியாவும் தேனும் இலவசமாகத் தருவதாகச் சொன்னார். அதன் மாவில் எந்தக் கொழுப்பு சேர்கிறது என்று கேட்டோம். விசாரித்துச் சொல்வதாகப் போனவர் திரும்பி வரவேயில்லை. எழுபது வயதைக் கடந்த, வாழ்நாளில் இறைச்சியைத் தொட்டிராத ஒருவர் குளியலறைக்குப் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, எதுவும் பேசாமல் உட்கார்ந்திருக்க, எங்களாலும் அதன்பிறகு சாப்பிட முடியவில்லை.

பிறகு பில் வந்தது. அந்த என்சிலாடாவையும் அதில் சேர்த்திருந்தார்கள், கேட்டபின் எடுத்தார்கள். மீதி உணவுக்கு 140 டாலர். அதற்குக் கீழே 'சர்வீஸ் சார்ஜ் 20 சதவீதம், 28 டாலர்' என்று ஒரு வரி. ஆறு பேருக்குமேல் வரும் குழுக்களுக்கு மட்டுமே இந்தக் கட்டணம் உண்டு என்று அவர்களுடைய பட்டியலிலேயே போட்டிருந்தது, நாங்கள் நான்கு பேர். இந்தத் தொகையையும் சேர்த்து ஏறத்தாழ 8 சதவீத வரி. எல்லாம் கூட்டி 182 டாலர் அளவில் வந்தது. அட்டையைத் தேய்ப்பதற்காகச் சர்வர் நீட்டிய கருவியின் திரை, அந்த 182-இன் மேல் டிப்ஸ் 20, 22, 25 சதவீதங்களில் எது வேண்டும் என்று கேட்டது. இருபதைத் தொட்டிருந்தால் இன்னும் 36 டாலர் போயிருக்கும். அதாவது 140 டாலர் சாப்பாட்டுக்குச் சேவைக்கென்று மட்டும் 64 டாலர், ஏறக்குறைய 46 சதவீதம். சர்வீஸ் சார்ஜ் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது என்று வாய் திறந்து யாரும் சொல்லவில்லை. விருந்தினரோடு பேசிக்கொண்டே அவசரத்தில் விரலை வைப்பவர்கள் இரண்டு முறை டிப்ஸ் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வருவார்கள்.

டிப்ஸுக்கும் சர்வீஸ் சார்ஜுக்கும் உள்ள வேறுபாட்டை அமெரிக்காவில் பல ஆண்டுகள் இருக்கிறவர்கள்கூட அறிவதில்லை. வாடிக்கையாளர் தாமாகத் தரும் டிப்ஸ் ஊழியருக்கே உரியது, முதலாளியோ மேனேஜரோ அதில் கைவைக்கக் கூடாதென்று 2018-இல் கூட்டாட்சிச் சட்டம் திருத்தப்பட்டது. கட்டாயமாகப் போடும் சர்வீஸ் சார்ஜோ சட்டப்படி கடையின் வருமானம். அதில் சர்வருக்கு எவ்வளவு போகிறது என்பது கடைக்காரர் மனத்தைப் பொறுத்தது. ஆகவே அந்த வரியைப் பார்த்தால், "இது உங்களுக்கு வருகிறதா?" என்று சர்வரையே கேட்கலாம். நான் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார்.

அன்று மேற்கொண்டு டிப்ஸ் இல்லாமல் பில்லைக் கட்டிவிட்டு, பட்டியலின் திரைப்பதிவையும் பில்லின் படத்தையும் எடுத்துக்கொண்டு வந்தேன். கடைக்கு எழுதிய மின்னஞ்சலுக்கு, 'உங்கள் கருத்தை மதிக்கிறோம்' என்ற ஒரு வரிப் பதில் வந்தது. சில நாள் கழித்து அதே க்யூ.ஆர். பட்டியலைத் திறந்தபோது, 'ஆறு பேருக்குமேல்' என்று இருந்த இடத்தில் 'நான்கு பேரும் அதற்குமேலும்' என்று மாறியிருந்தது. காகிதத்தில் அச்சிட்ட பட்டியலாக இருந்தால் இதை இவ்வளவு சுலபமாகச் செய்திருக்க முடியாது. திரைப்பதிவு கையில் இருந்ததால் கடன் அட்டை வங்கியிடம் முறையிட்டேன், 28 டாலரும் அதன் வரியும் திரும்பி வந்தன. இப்படி முறையிட விரும்புகிறவர்கள், அந்தச் செலவு இடம்பெற்ற முதல் மாதாந்தர அறிக்கை அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும். இறைச்சி விஷயத்தில் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவுக்குப் புகார் கொடுத்திருக்கிறேன்.

சான்டா ஃபேயில் வெளித்தோற்றத்தை வைத்து ஒரு கடையை எடைபோடுவது வேறு ஊர்களைவிடக் கடினம். நகரின் பழைய பகுதியில் எந்தக் கட்டடமும் மண்சுவர்ப் பாணியில்தான் இருக்க வேண்டுமென்று 1957-இலேயே நகர விதி கொண்டுவந்துவிட்டார்கள். அதனால் நாலு தலைமுறையாக நடக்கும் கடையும் நேற்று முதலீட்டாளர் வாங்கிய கடையும் ஒரே பழுப்புநிறச் சுவரோடு, ஒரே மாதிரி மர உத்தரங்களோடு, வாசலில் ஒரே மாதிரி சிவப்பு மிளகாய்ச் சரத்தோடு நிற்கும். அந்தச் சரங்களிலும் அலங்காரத்துக்கென்று வார்னிஷ் அடித்து விற்பவை உண்டு, அவற்றைச் சமைக்கவே முடியாது. இத்தனைக்கும் பிளாசாவின் வடபுறம், ஆளுநர் மாளிகையின் தாழ்வாரத்தில் தரையில் துணி விரித்து வெள்ளி மோதிரம் விற்கும் பூர்வகுடிக் கலைஞர்களுக்குக் கடுமையான விதி இருக்கிறது. விற்கிற பொருளை அவர்களோ அவர்கள் வீட்டாரோ செய்திருக்க வேண்டும், செய்தவரின் முத்திரை அதில் இருக்க வேண்டும். மோதிரத்துக்கு இருக்கும் இந்தக் கட்டுப்பாட்டில் பாதியாவது எதிரே இருக்கும் சமையலறைகளுக்கு இருந்திருக்கலாம்.

இணையத்தில் இருக்கும் நட்சத்திர மதிப்பெண்ணும் இதே வகையில் ஏமாற்றும். கடை கைமாறினாலும் பெயரும் முகவரியும் மாறாததால், பழைய உரிமையாளர் காலத்தில் குவிந்த ஆயிரக்கணக்கான பாராட்டுகள் அப்படியே புதியவர் கணக்கில் நிற்கின்றன. எங்களை ஏமாற்றிய கடைக்கு இன்றும் நான்குக்குமேல் மதிப்பெண் இருக்கிறது. மதிப்புரைகளைத் தேதிவாரியாக வரிசைப்படுத்தி, கடைசி ஆறு மாதத்தவற்றை மட்டும் படித்தால் வேறு ஒரு கடை தெரியும். 'முன்பு போல் இல்லை' என்ற சொற்றொடர் அடுத்தடுத்து வந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். வாடிக்கையாளர்கள் பில்லைப் படமெடுத்துப் போட்டிருந்தால் சர்வீஸ் சார்ஜ் வரி அதிலேயே தெரிந்துவிடும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் 'இது சைவமா?' என்று பொதுவாகக் கேட்காமல், கிரீன் சில்லியில் பன்றி இறைச்சி சேர்கிறதா, ரெட் சில்லியை எந்த நீரில் கொதிக்க வைக்கிறீர்கள், பீன்ஸை எந்தக் கொழுப்பில் வதக்குகிறீர்கள் என்று தனித்தனியாக, முன்கூட்டியே தொலைபேசியில் கேட்பது நல்லது. அதுவும் மதியக் கூட்டத்துக்கும் இரவுக் கூட்டத்துக்கும் இடைப்பட்ட நேரத்தில் கேட்க வேண்டும். உண்மையாகச் சமைக்கும் கடையில், "கொஞ்சம் இருங்கள், சமையல்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்பார்கள். யோசிக்காமல் 'இல்லை' என்று வரும் பதிலை நம்ப வேண்டாம்.

போகும் காலத்தையும் கவனிக்க வேண்டும். ஜூலையில் ஸ்பானிஷ் மார்க்கெட், ஆகஸ்டில் அமெரிக்கப் பூர்வகுடிக் கலைஞர்களின் இந்தியன் மார்க்கெட், கோடை முழுக்கத் திறந்தவெளி ஓபரா என்று பிளாசாவைச் சுற்றி நிற்க இடமிருக்காது. அக்டோபர் தொடக்கத்தில் ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள ஆல்புகர்க்கியில் பலூன் விழா நடக்கும்போது அந்தக் கூட்டமும் இங்கே வழிகிறது. இந்த நாட்களில் பிளாசாவுக்கு எதிரே இருக்கும் கடைக்கு நல்ல பெயர் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை, எப்படியும் மேசை நிறையும்.

நான் இனி எங்கே போவேன் என்று கேட்டால், 1953-இல் தொடங்கி இன்றும் அதே குடும்பத்தின் கையில் இருக்கும் தி ஷெட், அல்லது ரெயில்யார்டு என்னும் பழைய ரயில்வே பகுதியின் பக்கம் அவர்களே நடத்தும் லா சோசா, அல்லது செரில்லோஸ் சாலையில் 1948 முதல் இருக்கும் தி பேன்ட்ரி என்பேன். இங்கேயும் மேலே சொன்ன கேள்விகளைக் கேட்டுவிட்டே சாப்பிட வேண்டும். சனிக்கிழமை காலையில் ரெயில்யார்டில் கூடும் உழவர் சந்தைக்குப் போனால், ஆகஸ்ட் கடைசியிலிருந்து மிளகாயைக் கம்பிக் கூண்டில் சுழற்றிச் சுட்டுத் தருவார்கள். சமையலறையுள்ள விடுதியில் தங்குகிறவர்கள் அதை வாங்கி, தோலை உரித்து, தாங்களே சாறு வைத்துக்கொள்ளலாம். என் தாயாருக்கு மறுநாள் அப்படித்தான் செய்து கொடுத்தோம். இரவுக்குக் கார்டோவா சாலையில் உள்ள பேப்பர் தோசா என்ற தென்னிந்திய உணவகத்துக்கு அழைத்துப் போனோம். அங்கே எது சைவம் என்று நாங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிட்டார்கள். வார இறுதியில் போகிறவர்கள் முன்பதிவு செய்துகொள்வது நல்லது.