கழற்றாத லென்ஸ்: துபாயில் 18-135 ஜூமோடு நெடுநாள் அனுபவம்

18-135 மாதிரி நீண்ட வீச்சுள்ள ஜூம் லென்ஸைப் பற்றி இணையத்தில் தேடினால் கிடைக்கும் தீர்ப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஓரங்களில் கூர்மை குறைவு, உள்ளே வரும் வெளிச்சம் போதாது, கையில் காசு இருந்தால் இரண்டு பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாத லென்ஸ்) வாங்கிக்கொள்ளுங்கள். அதில் பொய் இல்லை. ஆனால் அப்படி எழுதுகிறவர்களின் ஊரில் மணல் பறப்பதில்லை. துபாயிலும் சுற்றியுள்ள எமிரேட்டுகளிலும் நகரம், பாலைவனம், கடற்கரை மூன்றையும் பல வருடங்களாக ஒரே 18-135 மி.மீ. ஜூமில் எடுத்துவருகிறேன்; 18 அகலக் காட்சிக்கு, 135 தூரத்தில் இருப்பதை நெருக்கிக் காட்ட. இங்கே ஒரு லென்ஸுக்கு வேண்டிய முதல் தகுதி, அதைக் கேமராவிலிருந்து கழற்றும் தேவை வராமல் இருப்பது. கூர்மை, அபெர்ச்சர் (ஒளி நுழையும் திறப்பு) எல்லாம் அதற்கு அடுத்த வரிசையில்தான் வரும்.

என்னுடையது ஏபிஎஸ்-சி சென்சார் (முழு ஃபிரேம் சென்சாரைவிடச் சிறியது) உள்ள மிரர்லெஸ் கேமரா. அதில் இந்த லென்ஸ் முழு ஃபிரேம் கணக்குப்படி 27 முதல் 202 மி.மீ. வரை எட்டும். அபெர்ச்சர் எஃப் 3.5-இல் தொடங்கி, ஜூம் நீள நீள எஃப் 5.6-க்குப் போய்விடும்; எண் கூடினால் திறப்பு சிறிது என்று பொருள். எடை அரைக் கிலோ. கேமராவோடு சேரும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்கிறது. தூசும் தூறலும் எளிதில் புகாதபடி அடைப்பு போட்ட மாடல். இதே வீச்சில் சில கம்பெனிகள் விற்கும் லென்ஸில் இந்த அடைப்பு கிடையாது. வாங்கப் போகிறவர்கள் விலையைப் பார்ப்பதற்கு முன் அந்த ரப்பர் வளையத்தைப் பாருங்கள்.

நகரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். துபாயில் ஒரு இடத்தை ஒருமுறை எடுத்து முடித்துவிட முடியாது. ஷேக் சாயித் சாலையில் எமிரேட்ஸ் டவர்ஸ் மெட்ரோ நிலையத்துப் பக்கம் இன்று எல்லோரும் படம் எடுக்கும் மியூசியம் ஆஃப் தி ஃப்யூச்சர், ஒரு காலத்தில் வெறும் இரும்புச் சட்டமாக நின்றது. அப்புறம் அரபு எழுத்துகள் வெட்டிய தகடுகள் அதன்மேல் ஏறின. 2022 பிப்ரவரி 22-ஆம் தேதி திறந்தார்கள். இந்த மூன்று நிலைகளையும் ஒரே இடத்தில் நின்று எடுத்து வைத்திருக்கிறேன். என் படங்களில் எனக்கு மிகவும் பிடித்த வரிசை அதுதான்.

இப்படித் திரும்பத் திரும்ப எடுப்பதற்கு ஜூம் வசதி. படத்தோடு பதிவாகும் தகவலில் குவியத்தூரம் (18, 35 என்று சொல்லும் அந்த மி.மீ. எண்) இருக்கும். முதல் படம் 35-இல் எடுத்ததென்றால், அடுத்த வருடமும் வளையத்தை 35-க்குத் திருப்பினால் ஃபிரேம் சரியாகிவிடும். ஆனால் எது எதை மறைக்கிறது என்பதை நாம் நிற்கும் இடம்தான் தீர்மானிக்கும். அதனால் பழைய படத்தைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு, முன்னால் இருக்கும் விளக்குக் கம்பம் பின்னால் இருக்கும் கட்டடத்தின் எந்த விளிம்பைத் தொடுகிறது என்று பார்ப்பேன். அந்த இரண்டும் அதே மாதிரி ஒன்றின்மேல் ஒன்று விழும் வரை இடமும் வலமும் நகர்வேன். சில சமயம் பழைய இடத்தில் கட்டுமான வேலி வந்திருக்கும். அப்போது பின்னால் போய் ஜூம் செய்தால் கட்டடம் அதே அளவில் தெரியுமே தவிர, பின்னணி நெருங்கி வந்துவிடும். அந்தப் படத்தைப் பழைய வரிசையில் சேர்ப்பதில்லை. அங்கிருந்து புது வரிசை தொடங்கிவிடுவேன்.

நகரத்துக்குள் புகும் கடற்கழியான க்ரீக் பக்கமும் அப்படித்தான். சிந்தகாவில் 2022 ஜனவரியில் திறந்த இன்ஃபினிட்டி பாலம், அந்தக் கரையின் வானத்தையே மாற்றிவிட்டது. அதற்கு முன் அங்கே எடுத்த படங்களில் தண்ணீரும் படகும் மட்டும்தான் இருக்கும். தேராவுக்கும் பர் துபாய்க்கும் இடையே 1 திர்ஹாம் கொடுத்து அப்ரா என்னும் படகில் ஏறினால் சில நிமிடங்களில் அக்கரை வந்துவிடும். அதற்குள் 18-இல் படகோட்டியின் முதுகும் இரு கரையும் சேர்ந்த ஒரு படம், 135-இல் பழைய வீடுகளின் காற்றுக் கோபுரங்கள் மட்டும் நிறைந்த ஒரு படம், இரண்டும் கிடைத்துவிடும். ஆட்கள் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருக்கும் அந்தப் பலகையில் லென்ஸ் மாற்றுவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

குறைகள் தெரியும் இடமும் நகரம்தான். 18-இல் நேர்க்கோடுகள் வெளிப்பக்கம் வளையும். மென்பொருளில் ஒரு சொடுக்கில் சரியாகும், ஆனால் ஓரங்கள் கொஞ்சம் வெட்டுப்படும். 828 மீட்டர் புர்ஜ் கலீஃபாவை அடியில் நின்று 18-இல் எடுத்தால் பின்பக்கம் சாய்ந்துதான் தெரியும். தூரம் போய் 50-க்கு மேல் எடுத்தால் நிமிர்ந்து நிற்கும். இரவில் லென்ஸுக்குள் இருக்கும் நடுக்கத் தடுப்பு நன்றாக வேலை செய்கிறது. 18-இல் எட்டில் ஒரு வினாடிவரை கையில் பிடித்தே அசையாத கட்டடங்களை எடுக்கலாம். நகரும் மனிதர்களும் படகுகளும் கலங்கத்தான் செய்யும், அதற்குப் பெரிய அபெர்ச்சர் வேண்டும். ட்ரைபாட் தீர்வாகும் என்று நினைத்தால், கூட்டமான பல இடங்களில் விரித்த உடனே காவலர் வந்துவிடுவார். அப்படி வந்த ஒருவர் நம் ஊர்க்காரர். “அண்ணே, கேமரா பரவாயில்லை, ஸ்டாண்டு மட்டும் வேணாம்” என்று தணிவாகச் சொல்லிவிட்டு, தடுப்புச் சுவரின் மேல் கேமராவை வைத்து எடுக்க நல்ல இடம் ஒன்றைக் காட்டிவிட்டுப் போனார்.

பாலைவனத்தில்தான் இந்த லென்ஸ் என் மனதில் முழுதாக இடம் பிடித்தது. துபாயிலிருந்து ஹத்தா போகும் சாலைப் பக்கம் லஹ்பாப் மணல் செக்கச்செவேலென்று இருக்கும். குவார்ட்ஸ் மணல்மேல் இரும்பு ஆக்சைடு படிந்த நிறம் அது. கடற்கரைப் பக்கம் சிப்பித் துகள் கலந்து மணல் வெளுத்துக் கிடக்கும். படம் எடுப்பவருக்கு இந்த வித்தியாசம் இரண்டு வகையில் முக்கியம்.

ஒன்று, வெளிச்ச அளவு. வெளுத்த மணலைக் கேமரா தானாக அளந்தால் சாம்பல் நிறமாக்கிவிடும், கேமராவின் வெளிச்ச அளவை +0.7 என்று கூட்டி எடுக்க வேண்டும். அதே பழக்கத்தில் லஹ்பாபில் கூட்டினால், காலை வெயிலில் சிவப்பு மட்டும் தனியாக எல்லை தாண்டிப் போய்விடும். மொத்த ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) ஒழுங்காகத் தெரிந்தாலும் மணலின் வரிகள் மறைந்து ஆரஞ்சுப் பட்டையாகிவிடும். மூன்று நிறங்களின் ஹிஸ்டோகிராமையும் தனித்தனியே காட்டச் சொல்லி, சிவப்பைப் பார்த்துத்தான் அளவு வையுங்கள்.

இரண்டாவது, கீறல். குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7, சாதாரணக் கண்ணாடியைவிட அதிகம். லென்ஸ்மேல் மணல் இருக்கும்போது துணியால் துடைத்தால் மேற்பூச்சு போய்விடும். முதலில் ரப்பர் ஊதியால் ஊத வேண்டும், பிறகு மென்மையான பிரஷ், கடைசியில்தான் துணி.

இந்த லென்ஸுக்கு இங்கே உண்மையான ஆபத்து அதன் நீளும் குழாய். ஜூமை நீட்டும்போது காற்றை உள்ளே இழுக்கிறது, சுருக்கும்போது வெளியே தள்ளுகிறது, சைக்கிள் பம்பு மாதிரி. அடைப்பு தூசின் பெரும்பகுதியைத் தடுக்கும், முழுவதையும் தடுக்காது. காற்று அடிக்கும் நாளில் மணல்மேடு ஏறுவதற்கு முன்பே காருக்குள் 18 அல்லது 50 என்று ஒன்றை முடிவு செய்து, இறங்கும் வரை வளையத்தைத் தொடுவதில்லை. காற்றில் ஓடும் மணல் பெரும்பாலும் தரையை ஒட்டித்தான் துள்ளி ஓடுகிறது. அதனால் அந்த நாட்களில் முட்டி போட்டு எடுப்பதைத் தவிர்த்து, நின்றபடி எடுக்கிறேன். ஷமால் என்னும் வடமேற்குக் காற்று பலமாக இருந்தால் போவதே இல்லை.

மணல்மேடுகளை எடுக்க ஏற்ற நேரம், சூரியன் எழுந்த முதல் ஒரு மணி. ஜனவரியில் ஏழு மணி வாக்கில் விடியும், ஜூனில் ஐந்தரைக்கே. அந்தச் சாய்ந்த ஒளியில் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒளிப்பக்கமும் நிழல்பக்கமும் பிரியும். அகலக் கோணத்தைவிட 70 முதல் 135 வரைதான் அங்கே எனக்கு அதிகம் பயன்பட்டது; அடுக்கடுக்கான விளிம்புகளை நெருக்கிக் காட்டும். அபுதாபியின் லிவாவில் ஏறத்தாழ 300 மீட்டர் உயரமுள்ள தல் மொரீப் போன்ற பெருமேடுகளில் ஒரு வண்டியோ மனிதரோ இருந்தால்தான் அளவு புரியும். 135-இல் எடுத்தால் அந்த மனிதர் ஒரு புள்ளியாகிவிடாமல் மனிதராகவே தெரிவார். ஷார்ஜாவின் அல் மதாமில் மணல் புகுந்து கைவிடப்பட்ட வீடுகள் இருக்கின்றன. அங்கே மட்டும் 18 வேண்டும். அறைக்குள் ஜன்னல் மட்டத்துக்கு மணல் ஏறியிருக்க, பின்னால் நகர இடமிருக்காது.

கோடையைப் பற்றி ஒரு வார்த்தை. ஜூனுக்கு மேல் ஜூமை 100 மி.மீ. தாண்டி நீட்டி எடுத்த படங்கள் மொத்தமும் கொழகொழவென்று வரும். பலர் அதைப் பார்த்துவிட்டு லென்ஸைக் குறை சொல்கிறார்கள். சூடான தரையிலிருந்து எழும் காற்றில் ஒளி வளைவதால் வருவது அது. எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸும் தப்பாது. இதே லென்ஸ் ஜனவரிக் காலையில் தூரத்துக் கட்டடத்தின் ஜன்னல் சட்டங்களைத் தனித்தனியாகக் காட்டுகிறது.

கடற்கரையில் மணலைவிட ஈரமும் உப்பும்தான் தொல்லை. ஏசி அறையிலிருந்து ஆகஸ்ட் மாதக் காற்றுக்குள் கேமராவைக் கொண்டுவந்தால் கண்ணாடி உடனே வியர்த்துவிடும். முன்பக்கத்தைத் துடைக்கலாம், உள்ளே படிந்ததை என்ன செய்வது? கிளம்புவதற்கு முன்பே கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடி, பையோடு பால்கனி நிழலில் அரை மணி நேரம் வைத்துவிடுகிறேன். காரில் போகும்போது கடைசிப் பத்து நிமிடம் ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்துவிடுகிறேன். உப்புத் தூவானம் பட்டால் ஊதியபின் லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் துடைக்க வேண்டும். உலர்ந்த துணி உப்பைத் தேய்க்கத்தான் செய்யும்.

துபாயின் கரை வடமேற்கைப் பார்த்தது, சூரியன் கடலில் இறங்கும். உம் சுகீம் கடற்கரையில் நின்றால் குளிர்காலத்தில் சூரியன் 321 மீட்டர் புர்ஜ் அல் அரபுக்கு அருகில் இறங்குகிறது. கோடையில் வலப்பக்கம் நன்றாக விலகித் திறந்த கடலில் இறங்குகிறது. ஹோட்டலும் சூரியனும் சேர்ந்த படம் வேண்டுமென்றால் டிசம்பர், ஜனவரிதான். கடலில் சூரியன் உதிக்கும் படம் வேண்டுபவர்கள் ஃபுஜைரா போக வேண்டும். அல் அகா கரை ஓமான் வளைகுடாவைப் பார்க்கிறது, பின்னால் ஹஜர் மலை. விடியலில் கடலை எடுத்துவிட்டு அப்படியே திரும்பி மலைமேல் விழும் ஒளியை 135-இல் எடுப்பேன்.

போலரைசர் ஃபில்டர் கடற்கரைக்குத் தவறாமல் கொண்டுபோகிறேன். தண்ணீரின் மினுமினுப்பைக் குறைத்து அடிமணலைக் காட்டும், சூரியனுக்குத் தொண்ணூறு டிகிரியில் இருக்கும் வானத்தை அழுத்தமாக்கும். ஆனால் 18-இல் வானத்தின் ஒரு பக்கம் மட்டும் கருத்துத் திட்டாகத் தெரியும். 35-க்கு மேல்தான் போடுகிறேன். நகரத்தில் ஜன்னல் கண்ணாடிகளின் பிரதிபலிப்பையும் குறைக்கும். உலோகத்தின் பிரதிபலிப்பை மட்டும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. எஃகுத் தகடு போர்த்திய மியூசியம் ஆஃப் தி ஃப்யூச்சரில் அதைச் சுழற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை.

கடற்கரையில் 135-ஐ மனிதர்கள் பக்கம் திருப்பாதீர்கள். அனுமதி இல்லாமல் பிறரைப் படம் எடுப்பது இங்கே 2021-ஆம் ஆண்டின் 34-ஆம் எண் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றமாகலாம். சிறையும் உண்டு, 1,50,000 திர்ஹாமில் தொடங்கும் அபராதமும் உண்டு. சட்டம் இல்லாவிட்டாலும் குடும்பத்தோடு குளிக்க வந்தவர்களைத் தூரத்திலிருந்து எடுப்பது முறையில்லை.

இத்தனை வருடத்தில் லென்ஸ் எப்படி இருக்கிறது? முன்கண்ணாடிக்குப் பின்னால் சில தூசுத் துகள்கள் புகுந்திருக்கின்றன. சூரியனை நேரே வைத்து எஃப் 16-இல் எடுத்தால் மட்டும் வெளிறிய வட்டங்களாகத் தெரியும். எஃப் 8-இல் ஒன்றும் தெரியாது, நான் அதிகம் எடுப்பதும் எஃப் 8-இல்தான். ஜூம் வளையத்தில் முதலில் இருந்த வழுவழுப்பு போய், லேசாக மணல் அரைபடும் சத்தம் வந்தது. கடையொன்றில் பிரித்துச் சுத்தம் செய்து வாங்கினேன். லென்ஸின் இன்றைய விலையில் கணிசமான பங்கு செலவாயிற்று. 2024 ஏப்ரல் 16-இல், 1949-இல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து இந்நாடு காணாத மழை பெய்தபோது, கட்டடத்தின் வாசலில் சாரல் பட நின்று எடுத்தேன். துளி ஈரம் உள்ளே போகவில்லை. சென்சாரும் சுத்தமாகவே இருக்கிறது. என்னோடு வரும் நண்பர் மூன்று பிரைம்களைக் காருக்குள் மாற்றி மாற்றி எடுப்பவர். அவர் படங்கள் என்னுடையதைவிடக் கூர்மையானவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு பாலைவனப் பயணத்துக்குப் பிறகும் படங்களின் வானத்திலிருந்து தூசுக் கரும்புள்ளிகளை அழிப்பதில் அவருக்கு ஒரு மாலை போய்விடுகிறது.

இரவு நகரமும் மனித முகங்களும்தான் உங்கள் விருப்பம் என்றால் இதை வாங்க வேண்டாம். எஃப் 2 அல்லது அதைவிடப் பெரிய அபெர்ச்சர் உள்ள ஒரு பிரைம் வாங்குங்கள். பகல் நகரம், மணல், கடல் என்று சுற்றுகிறவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். பழைய லென்ஸாக வாங்குவதென்றால், அதுவும் வளைகுடாவில் இருந்தது என்றால், ஜூம் வளையத்தைக் காதருகே வைத்து மெதுவாகத் திருப்பிக் கேளுங்கள். பின்பக்க ரப்பர் வளையம் விரிசல் இல்லாமல் இருக்கிறதா பாருங்கள். போன் டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்து உள்ளே பாருங்கள். தூசு இருந்தால் பேரம் பேசலாம், நூல் நூலாகப் பூஞ்சை தெரிந்தால் எந்த விலைக்கும் வேண்டாம்.