திரும்ப ஓடும் தண்ணீருக்கு யூவி விளக்கா, குளோரினா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு கோழி அறுக்கும் ஃபேக்டரியில் தொட்டியும் பம்பும் என் பொறுப்பு. கழுவிய தண்ணீரைச் சுத்திகரித்துத் தரைக்கும் லோரிக்கும் விடுகிறோம். இறைச்சி மேல் அது படாது. கிருமியைக் கொல்ல முதலில் யூவி (புற ஊதா ஒளி) விளக்கு போட்டோம். இப்போது குளோரினுக்கு மாறிவிட்டோம்.

யூவியின் அருமை தெரிந்ததுதான். மருந்து வேண்டாம், வாடை இல்லை, 254 நானோமீட்டர் ஒளி கிருமியின் டிஎன்ஏவையே கெடுத்துவிடும். குளோரினுக்கு அசையாத, மாட்டுக் குடலில் இருக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிகூட அதில் அடங்கும். அதனால் மாடு அறுக்கும் இடமென்றால் யூவியை ஒதுக்குமுன் நான் ரொம்பவே யோசிப்பேன்.

என்னை மாற வைத்தது, விளக்கைத் தாண்டியபின் தண்ணீர் போகிற வழி. ஒளி பட்ட இடத்தோடு யூவியின் வேலை முடிந்தது. சாயங்காலம் பம்பை நிறுத்தினால் விடியும்வரை தண்ணீர் பைப்பிலேயே நிற்கும். நம்மூர் சூடு, அதில் கொஞ்சம் கொழுப்பு, கொஞ்சம் புரதம்: தப்பிய நாலு கிருமிக்கு இது போதும். ஒருநாள் ஒழுகிய பைப்பை அறுத்து உள்ளே விரல் விட்டேன். வெண்டைக்காய் அரிந்த கத்தி மாதிரி வழவழவென்று சாம்பல் நிறப் படலம். சூடோமோனாஸ், லிஸ்டீரியா போன்ற பாக்டீரியாக்கள் குடியேறுவது இப்படிப்பட்ட படலத்தில்தான். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, சுத்தமாக வந்த தண்ணீரையும் கெடுத்துவிடும். போதாததற்கு விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் குழாயிலும் கொழுப்பு படியும். விளக்கு எரியும், ஒளி தண்ணீருக்குள் இறங்காது.

குளோரின் அப்படியில்லை, தண்ணீரோடு கூடவே போகும். ஆனால் ஏற்கெனவே படிந்த படலத்தை அது லேசில் கரைக்காது. நாங்கள் பைப்பைத் தேய்த்துக் கழுவிய பிறகே தொடங்கினோம். ரத்தமும் அம்மோனியாவும் குளோரினைத் தின்றுவிடும், அதனால் முதலில் அவற்றை நன்றாக நீக்க வேண்டும். தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு) 7.5-இல் குளோரினின் வீரியமான பகுதி ஏறக்குறைய பாதி இருக்கும், 8.5-க்கு ஏறினால் பத்தில் ஒரு பங்குதான். குளோரின் திரவத்தை வெயிலில் வைத்தால் வீரியம் இறங்கும். ஆசிட் டப்பாவை அதன் பக்கத்திலேயே வைக்கக் கூடாது, கலந்தால் விஷவாயு.

ஓசோன் வாயுவால் கிருமியைக் கொல்லும் முறையை நான் ஓட்டியதில்லை, அதனால் இதில் சேர்க்கவில்லை.

"அண்ணே, குளோரின் இருக்கான்னு தொட்டியில பார்த்தா போதாதா?" என்று புதிதாக வந்த தம்பி கேட்டான். லோரி கழுவும் கடைசிக் குழாய்க்குக் கூட்டிப்போனேன். முதலில் நின்ற தண்ணீரைப் பிடித்து டிபிடி மாத்திரை போட்டோம்; குளோரின் இருந்தால் அது தண்ணீரை இளஞ்சிவப்பாக்கும். நிறமே மாறவில்லை, ராத்திரி முழுக்க நின்றதில் குளோரின் தீர்ந்துபோயிருந்தது. ஐந்து நிமிடம் திறந்துவிட்டுப் பிடித்ததும் இளஞ்சிவப்பு ஏறியது. அன்றிலிருந்து காலையில் முதல் வேலையாக அந்தக் குழாயை அவன்தான் திறந்துவிடுகிறான்.