அம்பாந்தோட்டையில் கப்பலை விட்டு இறங்கி எல்லவுக்கு வருகிறவர்கள், வண்டி பேசுவதற்கு முன் இதைப் படியுங்கள்

என் அத்தை இலங்கையை விட்டுப் போனது 1974இல். தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் கூடலூர்ப் பக்கம் அரசாங்கத் தேயிலைத் தோட்டமொன்றில் போய்ச் சேர்ந்தார். திரும்பி வந்ததும் கப்பலில்தான். இந்த முறை நீச்சல் குளம் வைத்த கப்பல்.

2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டைக்கு உல்லாசக் கப்பல் வரத் தொடங்கியது அல்லவா, அந்தப் பருவத்தில் நடந்தது இது. அத்தை மகன் கோயம்புத்தூரில் இருக்கிறார். குடும்பத்தில் ஏழு பேருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டு எனக்குப் போன் பண்ணினார். "மாப்ள, கப்பல் ஒரு பகல்தான் அங்க நிக்கும். அம்மாவுக்குப் பாலமும் வேணாம், அருவியும் வேணாம். பொறந்த லயத்தைப் பார்த்து, பீலியில ஒரு வாய்த் தண்ணி குடிச்சாப் போதுமாம்." லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, பீலி என்றால் மலைத் தண்ணீர் வந்து விழுகிற குழாய்.

அந்தத் தோட்டம் எல்லவை அடுத்த தெமோதரைப் பக்கம். நான் இருப்பது பண்டாரவளை. இங்கிருந்தே தெரிந்த பையனின் வேனை அனுப்புகிறேன் என்றேன். மச்சான் அதற்குள் வாட்ஸ்அப்பில் ஒரு ஏஜென்டைப் பிடித்து 48,000 இலங்கை ரூபாய்க்குப் பேசி, பாதியை முன்பணமாகப் போட்டும் விட்டார். "துறைமுகத்துக்குள்ள வர்றதுக்கு பர்மிட் இருக்கிற ஆளாம் மாப்ள, வெளி வண்டியை உள்ள விட மாட்டாங்களாம்." கடைசியில் அந்த வேனும் வாசலுக்கு வெளியில்தான் நின்றிருக்கிறது. வாசல் வரைக்கும் எல்லாரும் நடந்தே போயிருக்கிறார்கள். நான் அன்றைக்கே கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தப் பங்கு என்னுடையது.

கணக்கைப் பாருங்கள். துறைமுகத்திலிருந்து தணமல்வில, வெல்லவாய வழியாக எல்லவுக்கு ஏறக்குறைய 110 கிலோமீட்டர். வெல்லவாய வரை வீதி நன்றாக ஓடும். கடைசி 27 கிலோமீட்டர் மலை. எங்கும் நிற்காமல் வந்தால் இரண்டரை மணி நேரம். குடிவரவுச் சோதனை எல்லாம் முடிந்து இவர்கள் வெளியே வந்தது எட்டரைக்கு. மாலை ஐந்துக்குக் கப்பலில் இருக்க வேண்டும். போக வர ஐந்து மணி நேரம் போனால், கையில் நிற்பது மூன்றரை மணி நேரம். அந்த மூன்றரை மணி நேரத்தைத்தான் அடித்துக்கொண்டு போனார்கள். பணம் அதற்கு அப்புறம்.

படத்தில் காட்டியது உயரக் கூரை வைத்த புது ஏசி வேன். வந்தது ஒரு கிழட்டு வேன். சாரதி மலைநாட்டுப் பிள்ளை, தமிழ். "அம்மா, ஏறுங்க" என்று அத்தையைக் கைபிடித்து ஏற்றினானாம். நம்ம ஆள் என்றதும் மச்சானுக்குப் பாதிச் சந்தேகம் போய்விட்டது.

முதலில் திஸ்ஸமகாராமைப் பக்கம் சட்டித் தயிர்க் கடை. அதைக் குற்றம் சொல்ல மாட்டேன், அந்தப் பக்கம் வந்துவிட்டு எருமைத் தயிரும் கித்துள் பாணியும் சாப்பிடாமல் போவது பாவம். ஆனால் இருபது நிமிடம். அப்புறம் வெல்லவாயவுக்கு முன்னால் 'மூலிகைத் தோட்டம்' என்று பலகை போட்ட ஓர் இடம். "ஃப்ரீதான் சார், சும்மா பார்த்துட்டு வாங்க." உள்ளே வெள்ளைக் கோட்டு மாட்டிய ஒருவர் ஒவ்வொரு செடிக்கும் ஒரு வியாதி சொல்லியிருக்கிறார். அத்தையை ஸ்டூலில் உட்கார வைத்து முழங்காலில் எண்ணெய் தேய்த்திருக்கிறார்கள். தேய்த்தவரை மரியாதையில்லாமல் விட்டுப் போக முடியுமா? மூன்று போத்தல், 18,000 ரூபாய். அந்தப் போத்தலை நான் அப்புறம் முகர்ந்து பார்த்தேன். நம் வீட்டில் தாளிக்கிற நல்லெண்ணெயில் கொஞ்சம் கற்பூரம் போட்ட வாசம்.

அங்கே ஐம்பது நிமிடம். அடுத்து ஒரு இரத்தினக்கல் கடை, முக்கால் மணி. வேண்டாம் என்றால், "வண்டிக்கு ரேடியேட்டர் சூடாயிருக்கு சார், ஆறட்டும், அதுவரைக்கும் உள்ள ஏசியில உட்காருங்க" என்றானாம். ரேடியேட்டர் எப்போதும் கடை வாசலில்தான் சூடாகிறது. வாங்குகிற சாமானில் சாரதிக்குக் கமிஷன் என்பது இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர் கப்பலில் வருகிறவர் மட்டும்தான்.

நான் காலை பத்தரையிலிருந்து எல்லச் சந்தியில் கூட்டாளியின் முச்சக்கர வண்டியோடு நிற்கிறேன். போன் போட்டால், "வந்துக்கிட்டே இருக்கோம்." மேட்டில் ஏசி போட்டால் வண்டி இழுக்காது என்று அதையும் நிறுத்தி, இராவணன் நீர்வீழ்ச்சியில் படம் எடுக்க இறக்கி, ஒரு வழியாக வந்து சேர்ந்தபோது ஒன்று பத்து. அத்தை இறங்கும்போது சேலையெல்லாம் வியர்வை. என் முகத்தைத் தடவி, "அண்ணன் மாதிரியே இருக்கே சாமி" என்றார். அதற்கு மேல் பேச விடவில்லை. சாப்பாடு பேக்கேஜில் இருக்கிறது, இந்த ஹோட்டலில்தான் என்று சாரதி கூட்டிக்கொண்டு போனான். பில் தனியாக வந்தது.

"இங்க பாருங்க தம்பி, இவங்க வந்ததே தோட்டத்தைப் பார்க்கத்தான்" என்றேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டே, "அண்ணே, தோட்ட ரோட்டுல வேன் போகாது. அது பேக்கேஜ்லயும் இல்ல. ஒன்பது வளைவுப் பாலம் இருக்கு, அதுக்கு த்ரீவீல் அரேஞ்ச் பண்ணியிருக்கேன்" என்றான். 1921இல் கட்டிய பாலம், இரும்பே இல்லாமல் கல்லிலும் செங்கல்லிலும் நிற்பது, பார்க்க வேண்டியதுதான். ஆனால் அத்தை திருப்பிக் கேட்டார்: "நான் பாலத்தைப் பார்க்கவா வந்தேன்?"

மற்றவர்கள் சாப்பிட உட்கார, அத்தையை மட்டும் எங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். தோட்ட ரோடு உங்களுக்குத் தெரியும், மழைக்குப் பிறகு கல்லும் குழியும்தான். இருபத்தைந்து நிமிடம் போயிருப்போம். ஸ்டோர், அதாவது தேயிலை ஆலையின் தகரக் கூரை தூரத்தில் தெரிந்தது. அத்தை பேரை எல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். இது ஏழாம் நம்பர் மலை, அதோ காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கிற பிரட்டுக்களம், கணக்கப்பிள்ளை வீடு அந்த மரத்துக்குப் பின்னால். அப்போது மச்சானின் போன். "மாப்ள, டிரைவர் இப்பவே கெளம்பணும்ங்கிறான், இல்லன்னா கப்பல் போயிருமாம்." அதில் பொய் இல்லை. கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலாவில் போனால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவர்களுக்குக் காத்திருக்காது. மணி இரண்டைத் தாண்டியிருந்தது. வண்டியைத் திருப்பினோம். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. வரும் வழி முழுக்கக் கழுத்தைத் திருப்பி, பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

இறக்கத்தில் வேன் பறந்திருக்கிறது. பிரேக் கருகிய நாற்றம் உள்ளே வரைக்கும் வந்தது என்று மச்சான் சொன்னார். அதே எல்ல–வெல்லவாய வீதியில்தான் 2025 செப்டம்பரில் தங்காலையிலிருந்து வந்த பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் போனார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட இரவு எனக்கு இந்த வேன்தான் ஞாபகம் வந்தது.

உச்சம் இனிமேல்தான். துறைமுக வாசலில் நாலு ஐம்பதுக்கு நிறுத்திவிட்டு, 'வெயிட்டிங்', கூடுதல் கிலோமீட்டர் என்று இன்னும் 12,000 கேட்டிருக்கிறான். பைகள் பின்னால், கதவு பூட்டியபடி. பத்து நிமிடத்தில் யார் சண்டை போடுவார்கள்? கொடுத்துவிட்டு ஓடினார்கள். அதை அந்த இடத்தில் கேட்டால் கொடுப்பார்கள் என்று தெரிந்துதான் அங்கே கேட்டிருக்கிறான்.

ஏஜென்டுக்கு நான் எழுதியதற்கு நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. இரண்டு நாளில் பிளாக். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் 1912க்கு அழைத்தேன். வண்டி இலக்கம் என்ன, பதிவு இலக்கம் என்ன, ரசீது இருக்கிறதா என்று கேட்டார்கள். எங்களிடம் எதுவும் இல்லை. ஏறுவதற்கு முன் இலக்கத்தகட்டை ஒரு படம் எடுத்திருந்தால் இருந்திருக்கும். சாரதி வழிகாட்டி என்றால் அதிகார சபையின் அனுமதி அட்டை இருக்கும், காட்டச் சொல்லுங்கள். எங்கெங்கே நிற்பது, எத்தனை மணிக்கு எல்ல, கடை கிடையாது, மிச்சப் பணம் இவ்வளவு, அதற்கு மேல் ஒரு சதம் இல்லை என்று முதல் நாளே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பைகளை மடியில் வையுங்கள். இங்கே சொந்தக்காரர் இருந்தால் அவர் சொல்லும் வண்டியை எடுங்கள், வாசலுக்கு வெளியே நின்றால் போகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே அந்தத் தோட்டத்துக்கு நடந்து போனேன். லயத்துப் பிள்ளைகளிடம் விசாரித்து, பீலியில் தண்ணீர் விழுவதைப் போனில் வீடியோ பிடித்துக் கூடலூருக்கு அனுப்பினேன். சாயந்தரம் அத்தையின் குரல் வந்தது: "சாமி, அது மேல் லயத்துப் பீலி. நம்ம பீலி கீழ, கோயிலுக்குப் பின்னால."