டீசல் காருக்கு ‘மைலேஜ் பெட்டி’ பொருத்தச் சொல்கிறார்களா? முதலில் இதைப் படியுங்கள்

போன ஆண்டு 680 வெள்ளி கொடுத்து என் டீசல் காரில், மைலேஜைக் கூட்டும் என்று சொல்லி விற்கும் டியூனிங் பெட்டி ஒன்றைப் பொருத்தினேன். மூன்றே மாதத்தில் கழற்ற வேண்டியதாகிவிட்டது. அதற்குள் மேற்கொண்டு 740 வெள்ளி செலவு. அம்மாவையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் தவித்தது தனி. பட்டறையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பது தெரிந்தால் போதும், எந்தப் பட்டறையாக இருந்தாலும் நீங்கள் பிடித்துவிடலாம்.

சிங்கப்பூரில் வீடு யீஷூன், வேலை துவாஸ். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர். டீசலுக்கு 2017இல் லிட்டருக்கு 10 காசு வரி போட்டார்கள், 2019இல் அதை 20 காசு ஆக்கினார்கள். எண்ணெய்ச் செலவு குறையும் என்று யாராவது சொன்னால் காது கொடுக்கத்தான் தோன்றும். ஆயில் மாற்றப் போன இடத்தில் அந்தத் தமிழ்ப் பையன் சொன்னது இதுதான்: “அண்ணே, இது ஜெர்மன் சிப். பவரும் கூடும், மைலேஜும் 15 பர்சன்ட் கூடும். இன்ஜின் கம்ப்யூட்டரைத் தொடவே மாட்டோம். நம்ம ஆளு, அதனால உங்களுக்கு 680.” இதையே வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பினான். பின்னால் என்னைக் காப்பாற்றியது அந்தச் செய்திதான்.

பொருத்திய அன்றே இழுவை நன்றாகத் தெரிந்தது, அதை மறுக்க மாட்டேன். டாஷ்போர்டில் அதுவரை லிட்டருக்கு 17.4 கிலோமீட்டர் என்று காட்டிக்கொண்டிருந்தது, இரண்டு வாரத்தில் 18.5 ஆனது. படம் எடுத்து அனுப்பினேன். “ஓட ஓட இன்னும் ஏறும் அண்ணே, கம்ப்யூட்டர் கத்துக்கணும்” என்று பதில் வந்தது.

ஆனால் டீசல் நிரப்பப் பெட்ரோல் பங்குக்குப் போகும் நாள்கள் குறையவே இல்லை. பழைய ரசீதுகளை நான் எறிவதில்லை. முழு டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி முழுதாக நிரப்பிக் கணக்குப் போட்டேன். 667 கிலோமீட்டருக்கு 41.2 லிட்டர், அதாவது லிட்டருக்கு 16.2. பெட்டி இல்லாத காலத்து ரசீதுகளில் சராசரி 16.8. டாஷ்போர்டு சொன்ன 18.5 உண்மையாக இருந்தால் 36 லிட்டர்தான் பிடித்திருக்க வேண்டும். மீதி 5 லிட்டர் எங்கே போனது?

இந்த இடம் புரிந்தால் மொத்த வியாபாரமும் புரிந்துவிடும். இப்போதுள்ள டீசல் கார்கள் பெரும்பாலும் காமன் ரெயில் வகை. டீசலை 1,600 பார், 2,000 பார் என்ற அழுத்தத்தில் ஒரு குழாயில் தேக்கி, அங்கிருந்து இன்ஜெக்டர் வழியாகப் பீய்ச்சுகிறார்கள். அழுத்தம் எவ்வளவு என்று ஒரு சென்சார் இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். என் காரில் வைத்த பெட்டி இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து, அழுத்தத்தைக் குறைத்துச் சொன்னது. கம்ப்யூட்டர் அதை நம்பி அழுத்தத்தை ஏற்றும். இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் அதேதான், ஆனால் அழுத்தம் கூடியதால் டீசல் அதிகமாகப் பாயும். இழுவை வந்தது அதனால்தான். டாஷ்போர்டில் தெரியும் மைலேஜோ டேங்கை அளந்து வருவதில்லை. எவ்வளவு பீய்ச்சினோம் என்று அதே கம்ப்யூட்டர் போடும் கணக்கு அது. பொய் சொல்லப்பட்ட கம்ப்யூட்டர் பொய்க் கணக்குத்தான் காட்டும். மைலேஜ் கூடியதற்குச் சாட்சியாக என்னிடம் காட்டியதே அந்த ஏமாற்றின் ஒரு பகுதி. இதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

கூடுதல் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லாவிட்டால் கரிதான் மிஞ்சும். விரைவுச்சாலையில் ஏறும்போது பின்னால் கரும்புகை வருவதாக நண்பர் சொன்னார். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் மலேசியாவில், கிள்ளானில் கல்யாணம். யோங் பெங் தாண்டியதும் இன்ஜின் விளக்கு எரிந்தது, வண்டி அப்படியே சோர்ந்துபோனது. எவ்வளவு மிதித்தாலும் 70க்கு மேல் ஏறவில்லை. பின்னால் லாரிகள் ஹார்ன் அடிக்க, இடது ஓரமாக விளக்கைச் சிமிட்டவிட்டு பாகோ ஓய்வுப் பகுதிவரை உருட்டிக்கொண்டு போனேன். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, கையில் மாலைப் பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

பட்டறைக்கு ஐந்து முறை அழைத்த பிறகு எடுத்தார்கள். “மலேசியா எண்ணெய் சரியில்லை அண்ணே.” நான் அடித்திருந்தது சிங்கப்பூர் டீசல்.

உதவியது குளுவாங்கைச் சேர்ந்த ஒரு லாரி ஓட்டுநர். பானட்டைத் திறந்து பார்த்தவுடன், “தம்பி, இந்தப் பெட்டியை முதல்ல கழட்டுங்க” என்றார். சென்சாரின் பழைய இணைப்பை மாட்டிக் கொடுத்தார். கிளிப் ஏற்கெனவே உடைந்திருந்தது, டேப் சுற்றினார். காசு கொடுத்தபோது வாங்கவில்லை. அண்ணே, உங்களுக்குப் பெரிய நன்றி.

திரும்பி வந்து வேறொரு பட்டறையில் காட்டியதில், புகைக்குழாயில் உள்ள கரித்துகள் வடிகட்டி, அதாவது டிபிஎஃப், கரி ஏறி அடைத்திருந்தது. கழற்றிச் சுத்தம் செய்ய 560, சென்சார் இணைப்புக்கு 180. மின்னணுவியல் தெரிந்த நண்பர் பெட்டியைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே ஒரு சின்னப் பலகை, சில மின்தடைகள், திருகிக் கூட்டிக் குறைக்கும் ஒரு குமிழ், அவ்வளவுதான். ஜெர்மன் சிப் என்று சொன்னது இதைத்தான். சிலர் டாஷ்போர்டுக்கு அடியில் உள்ள ஓபிடி துளையில், அதாவது பட்டறையில் கோளாறு பார்க்கக் கருவி மாட்டும் இடத்தில், செருகும் சின்னப் பெட்டியும் விற்கிறார்கள். அப்படிச் சிலவற்றைப் பிரித்தவர்கள் உள்ளே மின்னும் விளக்குகளைத் தவிர வேறு எதையும் காணவில்லை. டைனோ என்ற உருளைப் பொறியில் காரை ஏற்றி முறையாக அளந்து, இன்ஜின் கம்ப்யூட்டரின் நிரலையே மாற்றி ரீமேப் செய்பவர்கள் வேறு. அவர்களைப் பற்றி நான் பேசவில்லை.

இன்னொன்று. பொருத்திய அன்றே அந்தப் பையன், “இன்ஸ்பெக்‌ஷனுக்கு ரெண்டு நாள் முன்னாடி வாங்க, 50 வெள்ளிக்குக் கழட்டித் தர்றேன்” என்றான். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். இங்கே காருக்கு மூன்று வயதானதும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பத்து வயதுக்கு மேல் ஆண்டுதோறும் சோதனை உண்டு. டீசல் வண்டியை உருளையில் ஓடவிட்டுப் புகையை அளப்பார்கள். சோதனைக்கு மறைக்க வேண்டிய பொருளைக் காப்புறுதி நிறுவனத்திடமும் சொல்ல முடியாது. சொல்லாமல் விட்டு விபத்து நடந்தால் இழப்பீடு சிக்கலாகிவிடும். எந்த மாற்றத்துக்கு அனுமதி வேண்டும், எது கூடவே கூடாது என்பதை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் பார்க்கலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “பொருத்திய பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாது” என்றார்கள். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் இணையம் வழியாக மனு போட்டேன். 5,000 வெள்ளிவரை கேட்கும் பயனீட்டாளருக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். 20,000 வெள்ளிவரை கேட்கலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இரு தரப்பும் வழக்கறிஞர் வைக்க முடியாது, அதனால் பயப்பட ஒன்றுமில்லை. 15 பர்சன்ட் என்ற வாட்ஸ்அப் செய்தி, பேநவ் வழியாகப் பணம் அனுப்பிய பதிவு, டேங்க் ரசீதுகள், இரண்டாவது பட்டறையின் அறிக்கை எல்லாவற்றையும் இணைத்தேன். ரொக்கமாகக் கொடுத்தால் 630 என்று அன்றைக்குச் சொன்னார்கள். நல்லவேளை, நான் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் ஆலோசனைச் சந்திப்பிலேயே 680ஐத் திருப்பித் தரச் சம்மதித்தார்கள். டிபிஎஃப் செலவு பாதிதான் கிடைத்தது. இழுத்தடிக்க மனமில்லாமல் ஏற்றுக்கொண்டேன்.

இப்போது மறுபடி 16.7, 16.8 என்று ஓடுகிறது. டாஷ்போர்டை நம்பாமல் பங்கு ரசீதை வைத்துக் கணக்குப் போடும் தாள் ஒன்று தயாரித்திருக்கிறேன். இதே பெட்டியை ஏற்கெனவே பொருத்தியிருப்பவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன். மனு எழுதத் தமிழில் உதவி வேண்டுமானாலும் சொல்லுங்கள்.