தடைச் சட்டமா, மனமாற்றமா? தென்னாப்பிரிக்காவும் வெளுப்பு கிரீம்களும்

தோலை வெளுக்கும் கிரீம்களை ஒழிக்கச் சட்டம் போதுமா, மனதை மாற்ற வேண்டுமா என்று குழம்புகிறவர்கள் தென்னாப்பிரிக்காவைப் பார்க்கலாம்.

வேகம்
சட்டம்: தோலை வெளுக்கும் வேதிப்பொருளான ஹைட்ரோகுவினோன் கலந்த அழகுப் பொருள்களுக்கு 1990-இல் தடை வந்தது.
மனமாற்றம்: தலைமுறைக் கணக்கு.

உடல்நலம்
சட்டம்: இதில் சட்டத்துக்கு ஈடில்லை. வெளுக்கப் பூசியதே பல பெண்களின் கன்னத்தில் கருநீலத் திட்டாகப் படிந்தது, எளிதில் போகாது. தோல் மருத்துவர்கள் தடை கேட்டது அதனால்தான்.
மனமாற்றம்: ஏற்கெனவே பூசுகிறவருக்குத் தாமதமாகவே எட்டும்.

நீடிப்பு
சட்டம்: தடைக்குப் பிறகும் கள்ளத்தனமாக விற்கிறார்கள்.
மனமாற்றம்: 1970களில் நிறவெறி எதிர்ப்புப் போராளி ஸ்டீவ் பிகோ முன்னின்ற கறுப்பு உணர்வு இயக்கம் தன் நிறத்தை நேசிக்கச் சொன்னது. பின்னால் வந்த தடைக்கும் அந்த இயக்கத்தினர் போராடினார்கள். நிறவெறி ஆட்சி வீடு, வேலை, பள்ளி எல்லாவற்றையும் இனம் பார்த்துப் பிரித்தது. அங்கே வெளுப்பை நாடியவர்களை வெறும் அழகு மோகம் என்று பழிப்பதை என்னால் ஏற்க முடியாது.

சரி, எதற்கு எது? கடையில் விற்கும் நஞ்சை நிறுத்தச் சட்டம். கிரீமைத் தேடிப் போகும் ஆசை தணிய, பள்ளியிலும் வீட்டிலும் பேச்சு மாற வேண்டும்.