வீட்டுக் கணினிக்கு டிஃபெண்டரா, காசு கொடுத்து வாங்கும் ஆன்டிவைரஸா?

திருநெல்வேலியில் வண்ணார்பேட்டையிலோ பாளையங்கோட்டையிலோ லேப்டாப்பை ஃபார்மட் பண்ணக் கொடுத்தால், திரும்பி வரும்போது கடைக்காரர் ஒரு கேள்வி கேட்பார்: "அண்ணாச்சி, ஆன்டிவைரஸும் சேத்துப் போட்டுரட்டுமா? ஒரு வருசத்துக்கு கவலை இல்ல." பதில் சொல்லத் தெரியாமல் பலர் தலையாட்டிவிடுகிறார்கள். விண்டோஸ் 10, 11 ஓடும் வீட்டுக் கணினிக்கு, விண்டோஸோடு சேர்ந்தே வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் போதும் என்பது என் முடிவு. குயிக் ஹீல், கே7 போன்றவற்றைக் காசு கொடுத்து வாங்குவதற்கு நியாயமான இடங்களும் உண்டு. அவற்றைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இலவச ஆன்டிவைரஸ்களைத் தள்ளிவிடலாம். இலவசம் என்ற பெயரில் வருபவற்றில் பல, விளம்பரத்தாலும் 'அப்கிரேடு செய்' என்ற நச்சரிப்பாலும் பிழைக்கின்றன. பயன்படுத்துபவர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற விவரத்தை விற்றதற்காக, 2024-இல் அவாஸ்ட் நிறுவனத்தை 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன். டிஃபெண்டரும் இலவசமாகவே கிடைக்கும்போது இன்னொன்றை இறக்கக் காரணம் இல்லை.

வைரஸைப் பிடிக்கும் திறனில் எது மேல்? ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் போன்ற சோதனைக்கூடங்களின் முடிவுகளில் டிஃபெண்டர் சில ஆண்டுகளாகவே முன்வரிசையில்தான் இருக்கிறது. காசு ஆன்டிவைரஸ்களுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் வீட்டு உபயோகத்துக்குப் பெரிதில்லை. ஒரே ஒரு குறை மட்டும் உண்மை. டிஃபெண்டர் சந்தேகப்பட்ட ஃபைலை மைக்ரோசாஃப்டின் சர்வரிடம் கேட்டுத்தான் பாதி முடிவை எடுக்கும். இன்டர்நெட் இல்லாத நேரத்தில் அதன் பிடிக்கும் திறன் கண்கூடாகக் குறைகிறது. பிட்டிஃபெண்டர் போன்றவை அந்த நேரத்திலும் நன்றாகப் பிடிக்கின்றன. களக்காடு, திருக்குறுங்குடிப் பக்கம் பிராட்பேண்ட் இல்லாமல், எப்போதாவது போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, மற்ற நேரமெல்லாம் பென்டிரைவிலேயே ஓடும் கணினி என்றால் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இப்போது முடிவைத் தீர்மானிக்கும் விஷயத்துக்கு வருவோம். அது ரினியூவல்.

நம் பக்கத்து வீடுகளில் கணினியை வாங்கிக் கொடுத்த பிள்ளை சென்னையிலோ பெங்களூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார். மகாராஜநகரில் அதை உபயோகிப்பது ஓய்வுபெற்ற அப்பாவும் அம்மாவும். வாங்கும்போது போட்ட ஆன்டிவைரஸ் ஒரு வருடம் ஓடும். அப்புறம் மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி எட்டிப் பார்க்கும். அப்பா அதை மூடிவிடுவார். மறுநாளும் வரும், மறுநாளும் மூடுவார். லைசென்ஸ் தீர்ந்த ஆன்டிவைரஸுக்குப் புது வைரஸ்களின் அடையாளப் பட்டியல் வருவதில்லை. அப்படித் தீர்ந்துபோனால் டிஃபெண்டர் தானாகவே வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் விண்டோஸின் ஏற்பாடு. ஆனால் காலாவதியான புரோகிராம் 'பாதுகாப்பு என் பொறுப்பு' என்று விண்டோஸிடம் பதிந்த பதிவை விடாமல் வைத்திருந்தால், டிஃபெண்டரும் ஒதுங்கியே நிற்கும். இரண்டும் இல்லாமல் மாதக்கணக்கில் ஓடும் கணினிகள் இப்படித்தான் உருவாகின்றன.

ரினியூவலில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ஏதோ ஒரு தளத்தில் வீடியோ பார்க்கப் போகும்போது 'அல்லோ' கொடு என்று கேட்கும், கொடுத்துவிடுவார்கள். அதிலிருந்து அந்தத் தளம் திரையின் வலது கீழ்மூலையில் 'உங்கள் ஆன்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது, 5 வைரஸ்கள் உள்ளன' என்று பொய் அறிவிப்புகளை அனுப்பத் தொடங்கும். பெரிய கம்பெனிகளின் லோகோவோடு வரும். உற்றுப் பார்த்தால் அதன் ஓரத்தில் சின்ன எழுத்தில் 'கூகுள் குரோம்' என்றும் ஏதோ ஒரு தளத்தின் முகவரியும் இருக்கும். அது பிரவுசரிலிருந்து வருகிறது, ஆன்டிவைரஸிலிருந்து வரவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் 68 வயதுக்காரர் இதை உற்றுப் பார்த்துப் பிரிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் உள்ள வீட்டில், காசு கேட்கும் பெட்டிகளில் ஒன்று நிஜம், மற்றது பொய். டிஃபெண்டர் மட்டும் உள்ள வீட்டில் அப்பா அம்மாவுக்கு ஒரே ஒரு விதி சொன்னால் போதும்: கணினியில் எது காசு கேட்டாலும், எது போன் நம்பர் காட்டினாலும் பொய். மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்கவே இருக்காது. டிஃபெண்டர் ரினியூவல் கேட்காது. என்னை டிஃபெண்டர் பக்கம் சாய்த்தது இந்த ஒரு காரணம்தான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

அந்தப் பொய் அறிவிப்புகளை நிறுத்த: குரோமின் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்டு செக்யூரிட்டி', அதற்குள் 'சைட் செட்டிங்ஸ்', அதற்குள் 'நோட்டிஃபிகேஷன்ஸ்'. அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலில் தெரியாதவற்றையெல்லாம் நீக்கிவிட்டு, இனி எந்தத் தளமும் அறிவிப்புக்கு அனுமதி கேட்கக் கூடாது என்று மாற்றி வைத்துவிடுங்கள். முழுத்திரையை அடைத்துக்கொண்டு சத்தம் போடும் எச்சரிக்கை வந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை 'எண்ட் டாஸ்க்' கொடுக்கலாம். மீண்டும் திறக்கும்போது 'பழைய பக்கங்களைத் திறக்கவா' என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்ல வேண்டும். அதில் இருந்த நம்பருக்கு அழைத்து, எனிடெஸ்க் போல நம் கணினியைத் தூரத்திலிருந்து இயக்கவிடும் புரோகிராமை இறக்கி, பணமும் போய்விட்டதென்றால் முதல் வேலையாக இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு, சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு.

டிஃபெண்டர் போதும் என்று சொன்னதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அது உண்மையிலேயே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஃபார்மட் பண்ணி வந்த கணினிகளில் பல நேரம் ஓடுவதில்லை. அதற்குக் காரணம் ஆக்டிவேட்டர். கடையில் திருட்டு விண்டோஸைப் போட்டு, அதை உயிர்ப்பிக்க ஒரு ஆக்டிவேட்டரை ஓட்டுகிறார்கள். டிஃபெண்டர் அதைப் பிடிக்கும் என்பதால் முதலில் டிஃபெண்டரை முடக்குகிறார்கள், அல்லது விலக்குப் பட்டியலில் அதைச் சேர்க்கிறார்கள். வேலை முடிந்து திரும்ப இயக்குவதில்லை. பெரும்பாலான லேப்டாப்களுக்கு இந்தக் கூத்தே தேவையில்லை. விண்டோஸ் 10 அல்லது 11-ஓடு வந்த லேப்டாப் என்றால் அதன் லைசென்ஸ் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூலை 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, அதே எடிஷனைப் போட்டால் இன்டர்நெட் இணைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். லேப்டாப்போடு வருவது பெரும்பாலும் 'ஹோம்'. கடையில் பழக்கத்தில் 'புரோ' போட்டுவிடுவார்கள். அது ஆக்டிவேட் ஆகாது, ஆகவே ஆக்டிவேட்டர். "வந்த எடிஷனையே போடுங்க, ஆக்டிவேட்டர் வேண்டாம்" என்று கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

ஊருக்கு வரும்போது அப்பாவின் கணினியில் பார்க்க வேண்டியவை இவை. ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறந்து, 'வைரஸ் அண்டு த்ரெட் புரொடெக்‌ஷன்' உள்ளே போங்கள். அங்கே 'மேனேஜ் செட்டிங்ஸ்' கீழ் ரியல்-டைம் புரொடெக்‌ஷன், கிளவுடு புரொடெக்‌ஷன், டேம்பர் புரொடெக்‌ஷன் மூன்றும் ஆனில் இருக்க வேண்டும். வீட்டுக் கணினியில் 'இந்த செட்டிங்கை உங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர் நிர்வகிக்கிறார்' என்ற பொருளில் ஆங்கில வரி தெரிந்தால் யாரோ, அல்லது ஏதோ, உள்ளே புகுந்து கணினியின் பாதுகாப்பு செட்டிங்கை மாற்றிப் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். அதே பக்கத்தின் அடியில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' இருக்கும், டிஃபெண்டர் தேடாமல் விடும் இடங்களின் விலக்குப் பட்டியல் அதுதான். நீங்கள் எதையும் சேர்த்திராவிட்டால் அது காலியாக இருக்க வேண்டும். அதில் முழு சி டிரைவோ, டெம்ப் ஃபோல்டரோ இருந்தால் டிஃபெண்டரின் கண்ணைக் கட்டிவிட்டார்கள். அதை நீக்கிவிட்டு, 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' போய் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே கால் மணி நேரம்போலத் தேடும். அதிலும் தீராவிட்டால் ஒவ்வொரு ஃபைலாகத் துரத்துவதைவிட, தேவையான ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு சுத்தமாக ஃபார்மட் செய்வதே மேல்.

இன்னும் இரண்டு. 'ஆப் அண்டு பிரவுசர் கன்ட்ரோல்' உள்ளே, வேண்டாத புரோகிராம்களைத் தடுக்கும் வசதியை ஆன் செய்யுங்கள். இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வரும் டூல்பார்களை அது தடுக்கும். 'ரேன்சம்வேர் புரொடெக்‌ஷன்' உள்ளே 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்ஸஸ்' இருக்கிறது. அறிமுகமில்லாத புரோகிராம்கள் டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் கைவைப்பதை அது தடுக்கும். பழைய மென்பொருள் ஏதாவது 'சேவ் ஆகவில்லை' என்று தகராறு செய்தால், அதே இடத்தில் அந்தப் புரோகிராமை மட்டும் அனுமதிக்கலாம். கல்யாணப் படங்களைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் ரேன்சம்வேர் வீடுகளுக்குள் வருவது பெரும்பாலும் கிராக் செய்த மென்பொருள் வழியாக. ஃபோட்டோஷாப் கிராக்குக்காக ஆன்டிவைரஸை அணைத்த வீட்டை எந்த கம்பெனியின் ஆன்டிவைரஸும் காப்பாற்றாது. படங்களின் நகல் தனி ஹார்டு டிஸ்க்கில் இருக்கட்டும். நகல் எடுத்து முடிந்ததும் அதைக் கணினியிலிருந்து கழற்றிவிடுவது முக்கியம்.

விண்டோஸ் அப்டேட் பற்றி ஒரு வார்த்தை. 2017 மே மாதம் உலகையே உலுக்கிய வானாக்ரை என்ற ரேன்சம்வேர் நுழைந்த ஓட்டைக்கு, மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே அப்டேட் கொடுத்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். டேட்டா மிச்சம் பிடிக்க வைஃபை செட்டிங்கில் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' ஆன் செய்து வைத்தால் அப்டேட்கள் தேங்கிவிடும். வாரம் ஒருமுறை ஹாட்ஸ்பாட் இணைக்கும்போது, விண்டோஸ் அப்டேட்டோடு சேர்த்து 'விண்டோஸ் செக்யூரிட்டி'யிலும் 'புரொடெக்‌ஷன் அப்டேட்ஸ்' போய் 'செக் ஃபார் அப்டேட்ஸ்' அழுத்தச் சொல்லிக் கொடுங்கள்.

ஜெராக்ஸ் கடைப் பென்டிரைவ்தான் நம்மூர்க் கணினிகளுக்கு வைரஸ் வரும் பெருவழி. ஹால் டிக்கெட், சாதிச் சான்றிதழ், பட்டா நகல் பிரிண்ட் எடுக்கக் கொண்டுபோன பென்டிரைவில் திரும்பி வரும்போது எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட் ஆகியிருக்கும். ஃபோல்டர்கள் போய்விடவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. ஷார்ட்கட்டை இரட்டை கிளிக் செய்தால் ஃபோல்டரும் திறக்கும், பின்னால் வைரஸும் ஓடும். தொடாமல், முதலில் பென்டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து ஸ்கேன் கொடுங்கள். பிறகு ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' மெனுவில் 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' தெரியவைத்து (அப்படியும் தெரியாவிட்டால் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'ஹைட் புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' டிக்கை எடுத்து), நிஜ ஃபோல்டரை எடுத்துக்கொண்டு பென்டிரைவை ஃபார்மட் செய்துவிடலாம். இந்த விஷயத்தில் டிஃபெண்டரும் காசு ஆன்டிவைரஸும் ஏறத்தாழ ஒன்றுதான். பிரிண்டுக்கென்று மட்டும், பக்கவாட்டில் பூட்டு உள்ள பெரிய எஸ்டி கார்டும் ஒரு ரீடரும் வைத்துக்கொள்வது இரண்டையும்விட நல்லது. ஃபைலை ஏற்றிவிட்டுப் பூட்டை 'லாக்' பக்கம் தள்ளினால் கடைக் கணினியால் எதையும் எழுத முடியாது. சில ரீடர்கள் அந்தப் பூட்டை மதிப்பதில்லை. பூட்டிய பிறகு வீட்டிலேயே ஒரு ஃபைலை அழிக்க முயன்று பாருங்கள், அழிந்தால் ரீடரை மாற்றுங்கள்.

வேகம் பற்றி ஒரேயடியாகச் சொல்ல முடியாது. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் உள்ள, 4 ஜிபி ராம் கணினியில் டிஃபெண்டர் ஸ்கேன் ஓடும்போது திணறத்தான் செய்யும். அதே கணினியில் ஃபயர்வால், விபிஎன், டியூன்-அப் எல்லாம் சேர்ந்த காசு ஆன்டிவைரஸ் போட்டாலும் திணறும். அந்த டிஸ்க்குக்குப் பதில் சுழலும் பாகம் இல்லாத, வேகமான எஸ்எஸ்டி மாற்றினால் இரண்டுக்கும் தீர்வு.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் அதற்குப் பிறகும் வரும். ஆனால் விண்டோஸின் ஓட்டைகளை அது அடைக்காது, காசு ஆன்டிவைரஸும் அடைக்காது. கணினி ஏற்றுக்கொண்டால் 11-க்கு மாறுவதே நல்லது. விண்டோஸ் 7-இல் 'டிஃபெண்டர்' என்று இருப்பது உளவு பார்க்கும் மென்பொருளை (ஸ்பைவேர்) மட்டும் பார்ப்பது, ஆன்டிவைரஸே கிடையாது. அரசு கொடுத்த பழைய மடிக்கணினிகள் பலவும் இந்த வகை. மெயில், யூடியூப், லிப்ரேஆபீஸ் போதும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 2 ஜிபி ராமிலும் ஓடும், 4 இருந்தால் நிம்மதி. தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும். டேலி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பழைய எழுத்துருக்களோடு டிடிபி வேலை என்றால் லினக்ஸ் சரிப்படாது.

சரி, காசு கொடுப்பது எங்கே நியாயம்? டவுன் ரத வீதியில் ஒரு கடை, அதில் டேலி ஓடும் கணினி, பலர் கை படுகிறது, பிரச்சினை வந்தால் உடனே ஆள் வேண்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். கே7 சென்னைக் கம்பெனி, குயிக் ஹீல் புனே. இன்டர்நெட் அபூர்வமாகவே எட்டிப் பார்க்கும் வீட்டுக்கும் அப்படித்தான். ஆனால் ரினியூவல் தேதியை நாட்காட்டியில் எழுதிவைக்க ஒரு பொறுப்பான ஆள் அங்கே இருக்க வேண்டும். பாப்-அப்பில் வரும் ரினியூவல் விலையைவிடக் கடையில் புதுப் பெட்டி பல நேரம் மலிவு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருக்கும் ஆன்டிவைரஸை எடுத்துவிட்டு டிஃபெண்டருக்கு மாறுவதென்றால், 'செட்டிங்ஸ்', 'ஆப்ஸ்' வழியாக அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தந்த கம்பெனியே தரும் நீக்கும் கருவியை அதன் சொந்தத் தளத்திலிருந்து எடுத்து ஓட்டுங்கள். தேடலில் முதலில் வரும் விளம்பர லிங்க்கைத் தொட வேண்டாம். பிறகு கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள கேடயப் படத்தைப் பாருங்கள். பச்சை டிக் இருந்தால் டிஃபெண்டர் பொறுப்பேற்றுவிட்டது. சிவப்புப் பெருக்கல் குறி இருந்தால் உள்ளே போய் ரியல்-டைம் புரொடெக்‌ஷனை நீங்களே ஆன் செய்ய வேண்டும்.